கல்லாவுக்கு ஏற்ற செல்போன் எது?



மளிகைக் கடை என்றால் தராசு, கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நான்காவதாகச் செல்போனும் சேர்ந்துவிட்டது. காலையில் மில்காரர் பருப்பு விலையை அதில்தான் அனுப்புகிறார். சரக்கு ஏற்றிய லாரியின் எண்ணும் ஈ-வே பில்லும் அதில்தான் வருகின்றன. வாடிக்கையாளர் கொடுத்த பணம் வந்ததா, இல்லையா என்பதையும் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யூபிஐ என்னும் பணப் பரிமாற்ற முறை 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் என்ற ஒரே மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடி முறை அதன் வழியாகப் பணம் கைமாறியிருக்கிறது. இதில் நமது கடைகளில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் நடந்த வியாபாரமும் அடக்கம்.

இவ்வளவு முக்கியமான ஒரு பொருளை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பெரும்பாலும் மகன் சொன்னான், மருமகன் வாங்கிக் கொடுத்தார், கடைக்காரர் சலுகை என்றார், அவ்வளவுதான். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வரும் செல்போன் மதிப்பீடுகளோ நமக்காக எழுதப்படுபவை அல்ல. விளையாட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, நிலாவைப் படம் எடுத்தால் எப்படித் தெரிகிறது என்பவையே அவற்றில் பெரிய விஷயங்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டும் ஒருவருக்கு அந்தப் போன் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எழுதுவார் இல்லை.

துவரம்பருப்பு வாங்கும்போது மூட்டையின் மேல் அச்சடித்த பெயரைப் பார்த்தா விலை பேசுகிறோம்? நடு மூட்டையிலும் அடி மூட்டையிலும் கம்பி விட்டு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, கல் இருக்கிறதா, வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒரு கைப்பிடி வேகவைத்தும் பார்க்கிறோம். செல்போனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து.

சாதாரண மனிதருக்கென்று வந்த போன்கள்

"சாதாரண மக்களுக்கான போன்" என்ற பேச்சு புதிதல்ல. 2014 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் 'ஆண்ட்ராய்டு ஒன்' என்ற திட்டத்தைப் புதுடெல்லியில் தொடங்கியது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அவர்கள்தான் அதை அறிமுகம் செய்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று கம்பெனிகளின் போன்கள் 6,500 ரூபாய்க்குள் வந்தன. நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்றையும் முதலில் இணையதளத்தில் மட்டுமே விற்றார்கள். இணையதளத்தில் வாங்கத் தெரியாத மனிதருக்காகச் செய்த பொருளை இணையதளத்தில் மட்டும் விற்றால் அது அவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும்? தெருமுனைச் செல்போன் கடைக்காரரை ஒதுக்கிவிட்டுச் சாதாரண மனிதரை அடைய நினைத்தது பெரிய கோளாறு.

2016 பிப்ரவரியில் 'ஃபிரீடம் 251' என்று ஒன்று வந்தது. ஸ்மார்ட் போன் 251 ரூபாய் என்றார்கள். நமது வணிகர்களில் ஒரு கிலோ பருப்பின் அடக்க விலை தெரிந்த எவரும் அந்த விலையை நம்பியிருக்க மாட்டார்கள். கண்ணாடி, பேட்டரி, சர்க்யூட் இவற்றின் அடக்க விலைக்கே அந்தத் தொகை போதாது. ஆனாலும் நாடு முழுவதும் மக்கள் முண்டியடித்துப் பதிவு செய்தார்கள். டீலர்களும் பணம் கட்டினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் டீலர் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். விலை நம்பும்படி இல்லையென்றால் சரக்கையும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவதாக வந்த 'ஜியோபோன் நெக்ஸ்ட்' போனைத்தான் நாம் இங்கே சற்று விரிவாக எடைபோடப் போகிறோம். சாதாரண மனிதரை மனத்தில் வைத்து, பெரிய நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து உண்மையாகவே முயன்று செய்த பொருள் அது. அதன் நிறை குறைகளைப் பார்த்தாலே நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது விளங்கிவிடும்.

ஜியோபோன் நெக்ஸ்ட்: நிறையும் குறையும்

ரிலையன்ஸ் ஜியோவும் கூகுளும் சேர்ந்து செய்த இந்தப் போன் 2021 ஜூனில் அறிவிக்கப்பட்டது. விநாயகர் சதுர்த்திக்கு வரும் என்றார்கள். உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. ஆகவே தள்ளிப்போய் அந்த ஆண்டு தீபாவளிக்கு, நவம்பர் 4ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. ரொக்க விலை 6,499 ரூபாய்.

முதலில் நிறைகளைச் சொல்வோம். திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் பொத்தான் ஒன்றை வைத்தார்கள். ஒரு மொழியில் வந்த செய்தியை வேறொரு மொழியில் மாற்றிக் காட்டவும் வசதி செய்தார்கள். ஆங்கிலத்தில் வரும் பாங்க் செய்தியைப் படிக்கச் சிரமப்படும் நமது மூத்த வணிகர்களுக்கு இது பேருதவி. பேட்டரியை நாமே கழற்றி மாட்டலாம். இரண்டு சிம் போடலாம். மெமரி கார்டு போட்டு இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இவையெல்லாம் உண்மையாகவே சாதாரண மனிதரை நினைத்துச் செய்தவை. பாராட்ட வேண்டும்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். உள்ளே இருந்த ரேம் என்னும் நினைவகம் 2 ஜிபி. சேமிப்பு இடம் 32 ஜிபி. இவற்றை நமது தொழில் வழக்கில் சொல்வதானால் சேமிப்பு இடம் என்பது கிடங்கு. ரேம் என்பது பொட்டலம் கட்டும் மேசை. மேசை சிறியதாக இருந்தால் ஒரு வாடிக்கையாளரின் சாமானை எடுத்துவிட்டுத்தான் அடுத்தவரின் சாமானை வைக்க முடியும். 2 ஜிபி போனும் அப்படித்தான். பணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலைத் திறந்தால் முன்னது மூடிக்கொள்ளும். மறுபடியும் முதலில் இருந்து திறக்க வேண்டும். கூட்டம் நிற்கும் மாலை ஏழு மணிக்கு இந்தக் காத்திருப்பை எந்த வாடிக்கையாளரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

கிடங்கும் சிறியதுதான். 32 ஜிபியில் ஒரு பகுதியைப் போனின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தைச் சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களும் கோயில் தேர்ப் படங்களும் ஆறே மாதத்தில் நிரப்பிவிடும். பேட்டரி 3,500 மில்லி ஆம்பியர் மணி. வீட்டில் இருப்பவருக்கு அது போதலாம். பதினாறு மணி நேரம் திறந்திருக்கும் கடைக்குப் போதாது. இரண்டு சிம் போட்டாலும் இணையத்துக்கு ஜியோ சிம் மட்டுமே என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஒரு கம்பெனியின் டவர் படுத்துவிட்டால் இன்னொன்றில் வேலையை ஓட்டலாம் என்பதற்காகத்தான் வியாபாரி இரண்டு சிம் வைத்துக்கொள்கிறார். அந்த வழியை அடைத்துவிட்டால் இரண்டாவது சிம்மால் பாதிப் பயன்தான்.

தவணைக் கணக்கு

நமக்கு மிகவும் பழக்கமான விஷயம் கணக்கு. அந்தப் போனைத் தவணையிலும் கொடுத்தார்கள். முன்பணம் 1,999 ரூபாய். கடன் ஏற்பாட்டுக் கட்டணம் 501 ரூபாய். ஆக 2,500 ரூபாய். மிகக் குறைந்த திட்டத்தில் மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதம். அது 7,200 ரூபாய். மொத்தம் 9,700 ரூபாய். 18 மாதத் தவணை என்றால் மாதம் 350 ரூபாய் வீதம் 6,300; முன்பணத்தோடு 8,800 ரூபாய்.

இதில் பேச்சுக்கும் இணையத்துக்குமான கட்டணமும் சேர்ந்திருந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் எவ்வளவு? மாதத்துக்கு 5 ஜிபி இணையமும் 100 நிமிடப் பேச்சும். நூறு நிமிடத்தை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்றரை நிமிடம்கூட வராது. எந்த மளிகைக் கடைக்காரர் ஒரு நாளில் மூன்று நிமிடம் பேசி வியாபாரம் நடத்துகிறார்? தினமும் 1.5 ஜிபி கிடைக்கும் அடுத்த திட்டத்துக்குப் போனால் மாதம் 450 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு 10,800. முன்பணத்தோடு 13,300 ரூபாய். போனின் விலை எவ்வளவு, பேச்சுக் கட்டணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி நினைவுக்கு வருகிறது.

ஆகவே நமது முடிவு இது: முதன்முதலாக ஸ்மார்ட் போன் பிடிக்கும் ஒருவர் ரொக்கம் கொடுத்து வாங்கிப் பழகிக்கொள்வதற்கு அது ஏற்ற பொருளாக இருந்தது. கல்லாவில் வைப்பதற்கு ஏற்றதாக இல்லை. அதே ஜியோ நிறுவனம் 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு 'ஜியோபாரத்' என்ற பொத்தான் போனைக் கொண்டுவந்து, அதிலும் யூபிஐ வசதியை வைத்தது. சாதாரண மனிதருக்குத் தேவை சில வேலைகள் மட்டுமே, ஆனால் அவை தடங்கல் இல்லாமல் நடக்க வேண்டும் என்பதை அதற்குள் அவர்களும் உணர்ந்துவிட்டார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

போன் செய்யும் கம்பெனிகள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண மனிதர் என்றால் எதையும் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று பொருள் அல்ல. அவரிடம் இரண்டாவது போன் இல்லை. கெட்டுப்போனால் மறுநாளே மாற்றிக்கொள்ள வசதி இல்லை. அப்படியானால் பணக்காரர் வாங்கும் போனைக் காட்டிலும் அவர் வாங்கும் போன்தானே அதிக உறுதியோடு இருக்க வேண்டும்?

கடைக்காரரின் ஆறு சோதனைகள்

நமது மண்டியிலும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் பல விலைப் போன்கள் புழங்குகின்றன. அவற்றைக் கவனித்துப் பார்த்ததில், வாங்கும் முன் ஆறு விஷயங்களைச் சோதித்துக்கொண்டால் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒன்று, பேட்டரி. 5,000 மில்லி ஆம்பியர் மணிக்குக் குறையாமல் இருக்கட்டும். பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே இப்போது இது கிடைக்கிறது. மின்தடை நாளிலும் கடை மூடும் வரை தாங்க வேண்டும் என்பதே அளவுகோல்.

இரண்டு, வெளிச்சமும் சத்தமும். குளிரூட்டிய கடைக்குள் எல்லாப் போனும் பளிச்சென்றுதான் தெரியும். விற்பவரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். லாரியில் இருந்து மூட்டை இறங்கும்போது நிழல் தேடிக்கொண்டிருக்க முடியாது. மணி ஒலியையும் முழுச் சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். மிளகாய் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் கேட்குமா என்பதுதான் கேள்வி.

மூன்று, விரல். நமது விரல்களில் எப்போதும் எண்ணெயோ வெல்லமோ மாவோ ஒட்டியிருக்கும். கைரேகை பார்த்துத் திறக்கும் வசதி மட்டும் இருந்தால் நாளுக்குப் பத்து முறை முரண்டு பிடிக்கும். எண் போட்டுத் திறப்பதையும் பழக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் பாங்க் செயலியில் தொகை முழுவதும் தெரிகிறதா, பாதியில் வெட்டுகிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளும் வயதினருக்கு இது முக்கியம்.

நான்கு, மேசையும் கிடங்கும். ரேம் 4 ஜிபி என்பது கீழ்வரம்பு, 6 ஜிபி இருந்தால் நிம்மதி. சேமிப்பு 128 ஜிபி இருந்தால் நான்கைந்து ஆண்டுக்கு இடப் பிரச்சினை வராது. "4 ஜிபியோடு இன்னும் 4 ஜிபி சேர்ந்து 8 ஜிபி" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். கிடங்கில் ஒரு மூலையை மேசை என்று சொல்லிக் கணக்கில் காட்டும் வேலை அது. உண்மையான மேசை 4 ஜிபி மட்டுமே.

ஐந்து, முத்திரை. நமது எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். முத்திரைக் காலம் கடந்த தராசும் எடை காட்டத்தான் செய்யும். ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. செல்போனுக்குக் கம்பெனி அவ்வப்போது அனுப்பும் பாதுகாப்பு மென்பொருளும் இந்த முத்திரையைப் போன்றதே. அது நின்றுபோன போன் வெளிப்பார்வைக்கு நன்றாகவே ஓடும். ஆனால் திருடர்களுக்குப் பின்கதவு திறந்திருக்கும். நாளடைவில் செயலிகளும் ஒவ்வொன்றாக அதைக் கைவிடும். ஆண்ட்ராய்டு 4.4 என்ற பழைய பதிப்பில் ஓடும் போன்களில் 2025 ஜனவரி 1ஆம் தேதி முதல் வாட்ஸ்அப் வேலை செய்யாது என்று அறிவித்தது இதற்கு உதாரணம். ஆகவே "எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு மென்பொருள் வரும்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். இரண்டே ஆண்டு கொடுக்கும் கம்பெனியும் உண்டு. 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு ஆண்டு என்று உறுதி கொடுத்தார்கள். வந்தபோது அதன் தொடக்க விலை இருபதாயிரம் ரூபாய்க்குள்தான் இருந்தது. 9,000 ரூபாய் போன் இரண்டு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 4,500 ரூபாய். 18,000 ரூபாய் போன் ஆறு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். எது மலிவு?

ஆறு, பழுது. கண்ணாடி உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும், பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், உங்கள் ஊரிலேயே செய்து தருவார்களா, எத்தனை நாள் ஆகும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு போன் பாருங்கள்.

இந்த ஆறும் சரியாக இருந்தால் மூன்று கேமரா, நான்கு கேமரா, வளைந்த கண்ணாடி, விளையாட்டு வேகம் இவற்றுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பருப்பு மாதிரியையும் பில்லையும் தெளிவாகப் படம் எடுக்கும் ஒரு கேமரா நமக்குப் போதும்.

பணம் ஏறியதா என்பதே கேள்வி

"அண்ணாச்சி, பணம் அனுப்பிட்டேன், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் நகர்கிறார். நமது போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தாலும், உண்மையில் அவர் அனுப்பியிருந்தால் பணம் நமது பாங்க் கணக்கில் ஏறிவிடும். ஏறியதா என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தெரியாத இரண்டு நிமிடத்தில்தான் ஏமாற்று நடக்கிறது. பணம் போனது போலவே பச்சைக் குறியும் தொகையும் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. நேற்று எடுத்த படத்தை இன்று காட்டுவோரும் உண்டு. எதிரில் நிற்பவரின் போன் காட்டுவது சாட்சி ஆகாது. நமது போனில் வந்த செய்தியும், தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டியின் குரலும், பாங்க் கணக்கும் மட்டுமே சாட்சி. ஒலிப்பெட்டி தனி சிம்மில் ஓடுவது என்றால், போன் மந்தமாக இருக்கும் நேரத்திலும் கைகொடுக்கும்.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் பல கடைகளின் கியூஆர் அட்டைகள் மேல் இரவோடு இரவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர் கொடுத்த பணம் திருடன் கணக்குக்குப் போயிற்று. ஆகவே கடை திறந்ததும் வீட்டார் ஒருவரின் போனில் இருந்து ஒரு ரூபாய் அனுப்பி, நமது பெயர் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது விளக்கேற்றுவது போன்ற வழக்கமாக வேண்டும்.

கடைப் போனையும் வீட்டுப் போனையும் ஒன்றாக வைக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் போனில் பாங்க் செயலி இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் அபராத ரசீது என்றும் பெயரிட்டு வரும் கோப்பைத் தொட்டால் போனே அந்நியர் கைக்குப் போய்விடும். வேலைக்காரத் தம்பிகளிடம் பணம் வந்ததைப் பார்க்கப் போனைக் கொடுக்கலாம். ரகசிய எண்ணைக் கொடுக்கலாகாது.

போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். அதைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால், 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். பண மோசடி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

எங்கே வாங்குவது?

இணையதளத்தில் ஐந்நூறு ரூபாய் குறைவு என்று சொல்லி வாங்குவோர் நம்மிலும் இருக்கிறார்கள். அரிசி பருப்பை இணையதளத்தில் வாங்காதீர்கள், தெருக் கடையில் வாங்குங்கள் என்று மக்களிடம் நாம் கேட்கிறோம். அப்படிக் கேட்கிற நாம், பக்கத்துச் செல்போன் கடைக்காரரை விட்டுவிட்டு வெளியே வாங்கினால் நமது பேச்சுக்கு என்ன மதிப்பு? அவரும் நம்மைப் போல வாடகையும் மின்கட்டணமும் கட்டுகிறவர். இதில் நியாயத்தோடு லாபமும் இருக்கிறது. பழைய போனில் இருந்து புதியதற்குத் தொடர்பு எண்களையும் செயலிகளையும் மாற்றிக் கொடுப்பவர் அவர்தான். வெள்ளிக்கிழமை மாலை போன் மக்கர் செய்தால் ஓடிப்போய்க் காட்டுவதும் அவரிடம்தான். செல்போன் வியாபாரம் செய்யும் நமது தோழர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேவையில்லாத உறை, காப்பீடு, கூடுதல் உத்தரவாதம் என்று தலையில் கட்டாமல், மேலே சொன்ன ஆறு கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் வாடிக்கையாளர் வேறெங்கும் போக மாட்டார்.

கடையின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் கேட்டு வாங்குங்கள். செல்போனுக்கான வரி 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதம். பத்தாயிரம் ரூபாய் போனில் ஏறத்தாழ 1,525 ரூபாய் வரியாகப் போகிறது. கடை வேலைக்கென வாங்கும் போனுக்கு, முறையான பதிவில் இருக்கும் வணிகர் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். இணக்க முறையில் இருப்பவருக்கு அது கிடையாது. உங்கள் கணக்கரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கூடுமானவரை ரொக்கத்துக்கு வாங்குங்கள். தவணை தவிர்க்க முடியாதென்றால், மொத்தமாக எவ்வளவு கட்டப் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். தவணை தவறினால் போனே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு சில திட்டங்களில் உண்டு. ஒரு மாத நெருக்கடியில் கல்லாவே பூட்டிக்கொண்டால் நெருக்கடி தீருமா, கூடுமா என்று யோசித்துப் பாருங்கள்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

தனியொரு கடைக்காரர் கேட்டால் கம்பெனிகள் செவிசாய்க்க மாட்டா. ஆயிரம் கடைகள் சேர்ந்து கேட்டால் கேட்டே தீர வேண்டும். கழற்றி மாட்டும் பேட்டரி, குறைந்தது ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு மென்பொருள், வட்டத் தலைநகர் தோறும் உதிரிபாகம், பணம் வந்ததைத் தமிழில் உரக்கச் சொல்லும் வசதி, தமிழிலேயே எழுதிய உத்தரவாத அட்டை ஆகிய ஐந்தையும் கோரிக்கையாக வைத்து நமது சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டும். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, விவரம் தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு மூத்த வணிகர்களுக்குப் போன் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்யலாம்.

பொத்தான் போன் வைத்திருக்கும் முதியவர்களை எந்தக் கடையும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. அவர்களுக்கென 2022 மார்ச்சில் 'யூபிஐ 123பே' என்ற முறை வந்திருக்கிறது. அதுவும் தெரியாதவர் ரொக்கம் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிச் சில்லறை கொடுப்பதே வணிக தர்மம்.

செல்போன் கடைக்கு வந்த வேலையாள் மாதிரி. நல்ல வேலையாளைத் தேடுகையில் அவன் உடுத்தியிருக்கும் சட்டையை நாம் பார்ப்பதில்லை. வேளைக்கு வருவானா, கை சுத்தமானவனா, நாலு வருடம் நிலைத்திருப்பானா என்றுதான் விசாரிக்கிறோம். அதே விசாரணையைப் போனுக்கும் செய்வோம். கேட்டு வாங்குவோம், கணக்குப் பார்த்து வாங்குவோம், நமது ஊர்க் கடையில் வாங்குவோம்.